சீட் ஹீட்டரில் முதுகுப் பக்கம் மட்டும் சுடுகிறது: ஸ்விட்ச் மாற்றினால் போதுமா?

கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். களக்காட்டிலிருந்து மூணாறுக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் டபுள் கேபின் பிக்கப். இடுப்பு வலிக்கும் மலைமேல் அடிக்கும் குளிருக்கும் சேர்த்து, டிரைவர் சீட்டுக்கு மட்டும் வெளியே கிடைக்கும் ஹீட்டர் கிட் ஒன்றை வாங்கி, சீட் கவர் கடையிலேயே கொடுத்து மாட்டியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளைக்கு முன் அதன் 10 ஆம்பியர் ஃபியூஸ் போனது. மாற்றினீர்கள், திரும்பவும் போனது. வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 20 ஆம்பியர் போட்டுக் கொடுத்தார்கள், அது போகாமல் நின்றுவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ‘ஹை’யில் வைத்தால் முதுகுப் பக்கம் மட்டும் சூடு வருகிறது, உட்காரும் பக்கம் ஒன்றுமில்லை. ‘லோ’வில் வைத்தால் இரண்டு பக்கமும் இல்லை. யூடியூபில் ஒரு அமெரிக்கப் பிக்கப்புக்கு ஹீட்டர் மாட்யூல், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி, மாற்றுவதைப் பார்த்துவிட்டு, நமக்கும் அதுதானா, இல்லை ஸ்விட்ச் மாற்றினால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

ஸ்விட்ச் வாங்க வேண்டாம் அண்ணாச்சி, மாட்யூலும் வேண்டாம். சீட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரிப்பதை அடுத்த வாரம்கூட வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது, அந்த 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸைப் பிடுங்கி எடுத்துவிடுவது. முதுகுப் பக்கமாவது வேலை செய்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். பிக்கப், வேன், லோடு ஆட்டோ வயரிங்தான் அன்றாடம். சீட் ஹீட்டர் நம் பக்கம் அடிக்கடி வரும் வேலை இல்லை. மே மாதத்தில் சீட்டைச் சூடாக்கித் தரச் சொல்லி யாரும் காசு கொடுக்க மாட்டார்கள், நம் ஊர் வெயில் அதை இலவசமாகவே செய்துவிடும். மலைக்கு ஓடுகிறவர்கள், இடுப்பு வலிக்காரர்கள் என்று வருகிறவர்கள் எல்லாருடைய சீட்டிலும் இருப்பது உங்களுடையது போன்ற வெளிக் கிட்தான். அதனால் கீழே சொல்வது அந்த வகைக்கு. ஃபோர்டு எஃப்-150 போன்ற அமெரிக்க வண்டிகளில் கம்பெனியிலிருந்தே வரும் ஹீட்டருக்குத் தனி மாட்யூல் உண்டு, சூட்டை அளக்கும் சென்சார் உண்டு, ஸ்கேனர் போட்டுப் படிக்க வேண்டும். நீங்கள் பார்த்த வீடியோ அதைப் பற்றியது. 1966இல் காடிலாக் காரில் ஆப்ஷனாக வந்ததிலிருந்து அங்கே இது பழகிப்போன சாமான். உங்கள் கிட்டோ அதைவிடச் சாதாரணமானது: சீட் கவருக்கு அடியில் விரிக்கும் சூடாகும் பேட் இரண்டு, சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ரிலே ஒன்று, ஒரு ஸ்விட்ச், ஒரு ஃபியூஸ், கொஞ்சம் வயர். அவ்வளவுதான்.

அந்த இரண்டு பேடும் எப்படி இணைந்திருக்கின்றன என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. இந்தக் கிட்களில் பலவற்றில் ‘ஹை’ வைத்தால் உட்காரும் பேடும் முதுகுப் பேடும் பேரலலாகச் சேரும். இரண்டுக்கும் முழு 12 வோல்ட் போகும். ‘லோ’ வைத்தால் அதே இரண்டும் சீரியஸாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். ஒரு பேடின் மின்தடை 5 ஓம் என்று வையுங்கள். ‘ஹை’யில் ஆளுக்கு 2.4 ஆம்பியர், மொத்தம் கிட்டத்தட்ட 5 ஆம்பியர், 58 வாட் சூடு. ‘லோ’வில் 5-ம் 5-ம் சேர்ந்து 10 ஓம், 1.2 ஆம்பியர், 14 வாட் சொச்சம், அதாவது கால்வாசிச் சூடு. தனியாக எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல் இரண்டு அளவு சூடு கிடைத்துவிடுகிறது. இப்போது உட்காரும் பேட் எங்கேயோ அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹை’யில் முதுகுப் பேடுக்குத் தனி வழி இருப்பதால் அது சுடும். ‘லோ’வில் ஒரே வழி, அது நடுவில் அறுந்துபோனதால் இரண்டும் செத்துவிடும். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான். ஸ்விட்ச்தான் கெட்டது என்றால், ‘லோ’ பாயின்ட் தனியாகக் கெட வேண்டும், அதே சமயம் உட்காரும் பக்கமும் தனியாக ஏதோ காரணத்தால் நிற்க வேண்டும். ஒரே கோளாறு இரண்டையும் விளக்கும்போது இரண்டு கோளாறைத் தேடிப் போவானேன்.

உட்காரும் பக்கத்துச் சர்க்யூட் அறுந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் அனேகமாக இல்லை. எந்த இடத்தில் அறுந்தது என்பதை வண்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மூன்று இடம் உண்டு. பேடுக்குள்ளே இருக்கும் சூடாகும் கம்பியாக இருக்கலாம். பேடிலிருந்து சீட்டுக்கு அடியில் இறங்கும் வயராக இருக்கலாம். இரண்டும் சேரும் கப்ளராகவும், அதாவது கழற்றி மாட்டும் பிளக்காகவும், இருக்கலாம். வயர் என்றால் உங்களுக்கு யோகம், சின்ன வேலையோடு முடியும். கப்ளர் வெறுமனே கழன்றிருந்தாலும் இதே அடையாளம்தான் தெரியும், ஆனால் கழன்ற கப்ளர் இரண்டு ஃபியூஸைத் தின்றிருக்காது.

ஃபியூஸ் கதைதான் எனக்குக் கவலை. 5 ஆம்பியர் இழுக்கும் சாமானுக்கு 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் தாராளம். அது இரண்டு தடவை போனது என்றால் எங்கேயோ ஷார்ட். பேட் கம்பியோ வயரோ தோல் உரிந்து சீட்டின் இரும்புச் சட்டத்தைத் தொட்டிருக்கும். சட்டம் பாடி எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்தது ஆயிற்றே. அந்த நிலையில் சிவப்பை எடுத்துவிட்டு மஞ்சளைப் போட்டால் ஷார்ட் போய்விடாது, ஃபியூஸ் மட்டும் பொறுமைசாலி ஆகிவிடும். 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் 22 ஆம்பியரை மணிக்கணக்கில் தாங்கும். இந்தக் கிட்களில் வரும் மெல்லிசு வயர் அதைத் தாங்காது. 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்றால் 240 வாட். 25 வாட் சோல்டரிங் அயர்ன் பத்தை உங்கள் சீட் ஸ்பாஞ்சுக்குள் சொருகி வைத்ததற்குச் சமம். எல்லாவற்றிலும் மெலிந்த இடம் எதுவோ அது உருகி அறுந்துவிட்டது, அதனால் ஷார்ட்டும் நின்றது, புது ஃபியூஸும் ‘நின்றுவிட்டது’. ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையை உங்கள் சீட்டுக்குள் இருக்கும் கம்பி செய்திருக்கிறது. கருகல் வாடை வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வாழைத்தாரும் தார்ப்பாயும் வாடை அடிக்கும் வண்டியில் தெரியாமலும் போயிருக்கும். கார் சீட் ஸ்பாஞ்ச் பாலியூரிதேன். பிடித்தால் வேகமாக எரியும், புகையும் பொல்லாதது. ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சூடு ஏறியதும் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் பல கிட்களில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் உட்காரும் பேடுக்குள்தான் இருக்கும். உட்காரும் பேட் செத்துக் கிடக்கும்போது அந்தத் தெர்மோஸ்டாட்டுக்கு முதுகுப் பக்கத்துச் சூடு தெரியாது. அப்புறம் முதுகுப் பேடை யார் நிறுத்துவது? உங்கள் கிட்டில் முதுகுக்கும் தனியாக ஒன்று இருந்தால் நல்லது. இருக்கிறதா என்பது பிரித்தால்தான் தெரியும்.

சோதிக்கும் முறைக்கு வருகிறேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கழற்றியதும் கை வைக்காமல் சில நிமிடம் சும்மா இருங்கள். சீட்டின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்று சின்னத் துணி லேபிள் தொங்கினால் அந்தச் சீட்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது என்று அர்த்தம். சீட் பெல்ட் மாட்டும் கொக்கியின் அடியிலும் வெடித்து இழுக்கும் சாமான் இருக்கலாம். இவற்றின் கப்ளர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சின்னக் கரன்ட்கூட அதற்கு அதிகமாகிவிடலாம். அதைக் கழற்றியபடி சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து அப்படியே நிற்கும், ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போய்த்தான் அழிக்க வேண்டி வரலாம். உங்கள் சீட்டில் ஏர்பேக் இருந்தால், சீட்டைக் கழற்றும் வேலையை மட்டும் அது தெரிந்த இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஜாக்கி, வீல் ஸ்பானர், தார்ப்பாய்க் கயிறு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். நம் பிக்கப்காரர்கள் அத்தனையும் அங்கேதான் திணித்து வைப்பார்கள். கயிறை உருவும்போது அதன் முடிச்சு வயரில் மாட்டி இழுத்திருப்பதைப் பல வண்டியில் பார்த்திருக்கிறேன். டார்ச் அடித்து, சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, ரெயிலுக்கு இடையில் வயர் நசுங்குகிறதா என்று பாருங்கள். தோல் உரிந்து செம்பு தெரிந்தாலோ, ரெயிலில் கருப்புப் பொட்டு இருந்தாலோ, அதுதான் இடம். கிட் வயரைக் கட்டாமல் தொங்கவிட்டு மாட்டிய சீட்டில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் உட்காரும் பேடின் கப்ளரைப் பிரித்து, பேடுக்குப் போகும் இரண்டு பின்னுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாம் அளப்பதே சின்ன அளவு. முதுகுப் பேடையும் அதே மாதிரி அளந்து ஒப்பிடலாம். இரண்டும் அச்சாக ஒரே அளவு இருக்க வேண்டும் என்று இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். உட்காரும் பேடில் மீட்டர் ‘ஓஎல்’ அல்லது 1 என்று நின்றுவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் உள்ளே சேர்ந்திருந்தால், வெயிலில் நின்ற வண்டியில் அது திறந்தே இருந்து உங்களை ஏமாற்றும். அதனால் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது அளங்கள். அளக்கும்போது ஒருவர் சீட்டில் உட்கார்ந்து அசைய வேண்டும். ஆள் உட்கார்ந்தால் தொடும், எழுந்தால் விடும் என்கிற மாதிரி அறுந்திருக்கும் கம்பிகள் உண்டு. கடைசியாக, மீட்டரின் ஒரு முனையைப் பேட் பின்னிலும் இன்னொன்றைச் சீட் சட்டத்தில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். எதுவும் காட்டக் கூடாது. ஓம் ஏதாவது காட்டினால் ஷார்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அளவெல்லாம் சரியாக இருந்தும் சூடு குறைவு என்றால் லோடு இருக்கும்போது வோல்ட் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு இது இப்போது தேவைப்படாது, ஆனால் இதே பிரச்சினையோடு வேறு யாராவது படித்தால் உதவும். பேட்டரியில் 12.6 இருந்து, ஹீட்டர் ஓடும்போது கப்ளரில் 9 மட்டும் வந்தால், நடுவில் எங்கேயோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் தின்கிறது. சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் வோல்ட் கால்பங்குக்குக் கொஞ்சம் மேலே குறைந்தாலே சூடு பாதியாகிவிடும். கரன்ட்டைக் கிளாம்ப் மீட்டரில் பார்ப்பதானால் அது டிசி அளக்கிற கிளாம்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வயரிங்காரர் வைத்திருப்பது அனேகமாக ஏசி மட்டும் அளப்பது, உங்கள் சீட்டில் வைத்தால் பூஜ்யம்தான் காட்டும்.

பேடுக்குள்தான் அறுந்திருக்கிறது என்றால் சீட்டைக் கழற்றி, ரெக்சினை விலக்க வேண்டும். நான்கு போல்ட்தான். திரும்ப மாட்டும்போது அரைகுறையாக விடாதீர்கள், மோதினால் உங்களைப் பிடித்து வைப்பது அந்த நான்கும்தான். கவரைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டுப் புதிது போடலாம். பேடை எடுத்ததும் தொடை உரசும் வெளி ஓரத்தை முதலில் பாருங்கள். வண்டியில் ஏறும்போதெல்லாம் உடம்பு பாரம் முழுவதும் அந்த ஓரத்தில்தான் விழும். பின் சீட்டில் இருப்பதை எடுக்க டிரைவர் சீட்டில் முழங்காலை ஊன்றும் பழக்கம் இருந்தால் நடுவிலும் மடிந்திருக்கும். சீட் கவர் தைத்தவரின் ஊசி பேடுக்குள் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுக்கு எல்லாம் ஒரே கடையில் நடந்ததால் இதையும் ஒதுக்க முடியாது.

அறுந்த பேடை ஒட்டுப்போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கார்பன் நார் பேடாக இருந்தால் சோல்டர் பிடிக்காது, பேச்சே இல்லை. உலோகக் கம்பி பேடாக இருந்தால் பிடிக்க வைக்கலாம், ஆனால் சோல்டர் போட்ட இடம் விறைத்துவிடும். ஆள் உட்கார்ந்து எழ, அந்த விறைப்பின் ஓரத்திலேயே மறுபடியும் ஒடியும். சரியான அளவுச் செம்புக் குழாய் போட்டு நசுக்கி இணைப்பது சோல்டரைவிட மேல். வெறுமனே அறுந்த பேட் என்றால் அதைச் செய்து பார்க்கலாம் என்று சொல்வேன். உங்களுடையது ஷார்ட் ஆகிக் கருகி அறுந்த பேட். கண்ணுக்குத் தெரிகிற கருகலுக்கு அக்கம்பக்கத்திலும் கம்பியின் தோல் வெந்திருக்கும். அதை ஒட்டுப்போட்டு ஆள் உட்கார நான் கொடுக்க மாட்டேன். உட்காரும் பேடை மாற்றுங்கள். கூடுமானவரை முதுகுப் பேடும் சேர்ந்த ஜோடியாக வாங்குங்கள், ஓம் அளவு பொருந்தாத இரண்டைச் சேர்த்தால் ‘லோ’வில் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் சுடும். ஸ்பாஞ்ச் கருகிக் குழி விழுந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்து வேறு ஸ்பாஞ்ச் வைக்கச் சொல்லுங்கள். புதுப் பேடை மடிக்காமல், சுருக்கம் இல்லாமல் விரிக்க வேண்டும். இடம் போதவில்லை என்று ஓரத்தை மடித்து உள்ளே சொருகுவார்கள். மடித்த இடத்தில் சூடு இரட்டிக்கும்.

கரன்ட் எடுக்கும் இடத்தையும் இதே சாக்கில் சரிபாருங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் எண் காலுக்கு, 87ஆம் காலிலிருந்து ஹீட்டருக்கு, 85-86 கால்களுக்கு நடுவே இருக்கும் சுருளுக்கு சாவி போட்டால் வரும் லைன். இப்படி இருந்தால் சாவியை எடுத்ததும் ஹீட்டர் தானாக நிற்கும், லாட்ஜில் வண்டியை விட்டுத் தூங்கி எழுந்தால் பேட்டரி இறங்கியிருக்காது. ஃபியூஸ் பேட்டரிப் பக்கத்தில் இருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் வைத்தால் நடுவில் ஓடும் வயருக்குப் பாதுகாப்பு இல்லை. எர்த்தை சீட் போல்ட்டில் மாட்டாமல், பெயின்ட் சுரண்டிய பாடி இடத்தில் தனியாக மாட்டச் சொல்லுங்கள். ஃபியூஸ் 10க்கு மேல் வேண்டாம். 7.5 பிரவுன் போட்டால்கூட ஓடும்.

இடுப்பு வலியைப் பற்றி நான் பேசக் கூடாது, அது டாக்டர் வேலை. ஆனால் சூட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோல் 44 டிகிரியில் ஆறு மணி நேரம் இருந்தாலே புண்ணாகும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 44 டிகிரி என்பது கை வைத்தால் ‘இதமாக இருக்கிறதே’ என்று தோன்றும் சூடுதான். ராஜபாளையம், தேனி, போடிமெட்டு வழியாக லோடோடு நீங்கள் போகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை வியாதி முற்றிக் கால், தொடை மரத்துப் போனவர்களுக்குச் சூடு உறைக்காது. சீட் ஹீட்டரால் வெந்த புண்கள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. சர்க்கரை இருந்தால் இதை மாட்டுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். இல்லாவிட்டாலும் மலை ஏறும்போது மட்டும் ‘லோ’வில் வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை அணையுங்கள். கீழே தேனி வரைக்கும் அது எதற்கு?

இரண்டு பேடின் ஓம் அளவையும், சட்டத்துக்கு வைத்துப் பார்த்த அளவையும் இங்கேயே எழுதுங்கள். கப்ளர் பக்கத்தில் எடுத்த ஒரு போட்டோவும் போட்டால், தெர்மோஸ்டாட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.